பட்டியலில் இல்லாத சைக்கிள்

எங்கள் தோட்டத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் சிலர் உண்டு. எல்லோரும் கடவுச்சீட்டு எடுத்து, மருத்துவச் சோதனை செய்து, ஏஜென்சிக்காரனின் வாசலில் மாதக் கணக்கில் நின்று போனவர்கள். இந்தச் சடங்கு எதுவும் இல்லாமல், ஒரு கையெழுத்துகூடப் போடாமல், சொகுசாகக் கப்பலேறிப் போனது ஒரு சைக்கிள் மட்டும்தான். போய் இறங்கிய துறைமுகத்தில் அதைக் கண்ட சுங்க அதிகாரிகள் அந்தக் கப்பலுக்கே தண்டம் போட்டார்கள். எங்கள் தோட்டத்து மனிதர் யாருக்கும் இதுவரை கிடைக்காத மரியாதை அது.

நான் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கராக இருக்கிறேன். அதே தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். ஆகவே ஆபீசில் உள்ளவர்களுக்கு நான் லயத்து ஆள். லயத்தில் உள்ளவர்களுக்கு ஆபீஸ் ஆள். இரண்டு பக்கமும் முழுதாக நம்பாதவனுக்கு ஒரு வேலை நிச்சயம் கிடைக்கும்: இரண்டு பக்கத்துக் கடிதத்தையும் அவனிடம்தான் வாசிக்கக் கொடுப்பார்கள்.

சைக்கிள் எங்கள் பெக்டரி வாச்சருடையது. பழைய சைக்கிள். பெக்டரிக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை அதற்கும் அடித்திருந்தார். முன்பக்க மட்கார்டில் வேலோடு நிற்கிற முருகன் ஸ்டிக்கர். பிரேக் பிடித்தால் நிற்காது, பிடிக்காவிட்டால் சில சமயம் நிற்கும். அதன் மேல் அவருக்கு இருந்த அக்கறையைப் பார்த்த அவர் மனைவி, மழைக்காலத்தில் தன்னையும் அந்தச் சைக்கிளோடு சேர்த்து ஒரு சாக்கால் மூடிவிடும்படி கேட்டதாகச் சொல்வார்கள்.

எங்கள் பெக்டரியில் கிரேப் ரப்பர் செய்கிறோம். வெள்ளைக்காரர்களின் சப்பாத்துக்கு அடியில் ஒட்டுவதற்கு அதைப்போல நல்ல சாமான் உலகத்தில் இல்லையாம். முன்பெல்லாம் அதைக் கொழும்பு வியாபாரிகளுக்குத்தான் கொடுத்தோம். பிறகு கொம்பனிக்கு ஒரு ஞானம் பிறந்தது. இடையில் ஆள் இல்லாமல் நாங்களே நேரடியாக ஏற்றுமதி செய்வது என்று முடிவானது. முதல் கொள்கலன் எங்கள் பெக்டரி வாசலிலேயே ஏற்றப்படும், அதைக் கொழும்பிலிருந்து டிரெக்டர் நேரில் வந்து சீல் வைத்து வழியனுப்புவார் என்று அறிவித்தார்கள்.

டிரெக்டர் வருகிறார் என்றதும் பெக்டரிக்குப் பொறுப்பான அதிகாரிக்கு, நாங்கள் பெக்டரி ஐயா என்று கூப்பிடுகிறவருக்கு, சாமி வந்தது. பாதையோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. ஒட்டுப்பால் வாளிகள் கண்ணில் படாத இடத்துக்குப் போயின. கொடியில் காய்ந்த உடுப்புகள் போயின. எப்போதும் தராசுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாயை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். வேலை நடக்கிற இடம் என்று யாரும் சந்தேகப்படாதபடி இடம் சுத்தமானது. மூட்டை ஏற்றுவதற்குக்கூடத் தோட்டத்து ஆட்கள் வேண்டாம், அவர்களின் உடுப்பு படத்துக்கு நன்றாக இருக்காது என்று ருவான்வெல்லைக் கடைவீதியிலிருந்து கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து, ஆளுக்கொரு புது டீசேர்ட் கொடுத்தார்கள். வாச்சருக்குத் தொப்பி கொடுத்து மேல் கேட்டில் நிறுத்தினார்கள். சைக்கிள் பெக்டரிச் சுவரில் சாய்ந்து நின்றது.

டிரெக்டர் வந்தார். செவ்விளநீர் குடித்தார். குத்துவிளக்கு ஏற்றினார். கொள்கலன் கதவுக்குச் சீல் வைத்து, அந்த இடத்திலேயே இரண்டு தரம் படம் எடுத்துக்கொண்டார். இலங்கைப் பொருளாதாரத்தை இந்தத் தோட்டம் தூக்கி நிறுத்தும் என்று பேசினார். மத்தியான மழை வருவதற்குள் போய்விட்டார். கொள்கலனும் போய்விட்டது. சாயந்தரம் வாச்சர் கேட்டிலிருந்து இறங்கி வந்து பார்த்தால் சைக்கிளைக் காணவில்லை.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். வாச்சரின் அடுத்த காம்பராவில் குடியிருந்த ரப்பர்ப் பால் வெட்டுத் தொழிலாளி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முறைக்கு மச்சான்கள். ஒருவர் வீட்டில் மீன் வெட்டினால் மற்றவர் வீட்டில் புளி கரைப்பார்கள். அந்த வாரம் பால் வெட்டுகிறவரின் மனைவிக்குச் சுகமில்லாமல் கரவனெல்லை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பஸ் கிடைக்காத ஒரு நேரத்தில் அவர் வாச்சரிடம் சைக்கிளைக் கேட்டார். வாச்சர், பிரேக் சரியில்லை, சங்கிலியும் கழருது என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தார்.

"எனக்குக் குடுக்க மனசில்லேன்னு சொல்லு மச்சான், சைக்கிளு மேல ஏன் பழியப் போடுற?" என்று கத்திவிட்டு அவர் நடந்தே போனார். லயம் முழுக்கக் கேட்டது.

கொள்கலன் போன நாளில் அவர் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அப்புறம் என்ன வேண்டும்? சைக்கிள் கேட்டவர், சண்டை பிடித்தவர், அன்றைக்கு வேலைக்கு வராதவர். எங்கள் தோட்டத்தில் அத்தனை பேரும் அன்று சாயந்தரமே நீதவான் ஆனார்கள். வாச்சர் முதலில் தயங்கினார். "நம்ம மச்சான் எடுத்திருக்க மாட்டான்" என்றுகூடச் சொன்னார். ஆனால் பெக்டரி ஐயாதான், "பொலிஸுக்குப் போய் ஒரு என்ட்ரி போட்டுடு, தோட்டத்துல களவு வளரக் கூடாது" என்று தைரியம் சொல்லி, போவதற்குத் தன் மோட்டார் சைக்கிளையும் கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு என்று அப்போது நானே வியந்தேன்.

பொலிஸில் பால் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு, காலையிலிருந்து சாயந்தரம் வரை வாங்கில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. கேள்வி கேட்டார்கள். கேள்வி எல்லாம் ஒன்றுதான்: சைக்கிளை யாருக்கு விற்றாய்? விற்கவில்லை என்பது அந்தக் கேள்விக்குப் பதிலாகாது என்று அவருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள். கடைசியில் துரை, எங்கள் தோட்டத்து மேனேஜர், போன் செய்து, என் தோட்டத்து ஆள், கூப்பிட்டால் வருவார் என்று பொறுப்பெடுத்த பிறகு விட்டார்கள். ஆனால் பதிவில் அவர் பெயர் சந்தேக நபராக இருந்தது.

லயத்தில் அதைவிடப் பெரிய பதிவு இருந்தது. அவர் வாசல்வழியாகப் போனால் ஆட்கள் மண்வெட்டியை உள்ளே எடுத்து வைத்தார்கள். செருப்பை எடுத்து வைத்தார்கள். சைக்கிளே இல்லாத ஒருவர் பூட்டு வாங்கிக் கதவில் மாட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவர் மனைவி தண்ணீர்ப் பீலியில் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தள்ளி நின்றன. நடுச்சுவர் அப்படியே இருந்தது; ஆனால் அந்தப் பக்கத்துப் பேச்சு இந்தப் பக்கம் வரவில்லை. வாச்சர், போகிற இடமெல்லாம் காணாமல்போன சைக்கிளின் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் புதுசாகி, கடைசியில் கேட்கிறவர்கள் அது இந்த வருடம் வாங்கியது என்று நினைக்கத் தொடங்கினார்கள்.

இப்படி மாதங்கள் போன பிறகு ஒரு நாள் கொழும்பிலிருந்து, கப்பல் கொம்பனியின் ஏஜென்ட் ஆபீசிலிருந்து, மின்னஞ்சல் வந்தது. அதை வாசித்துச் சொல்லும் பாக்கியம் எனக்குத்தான். நம் கொள்கலனைப் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் திறந்திருக்கிறார்கள். கிரேப் ரப்பர் எல்லாம் சரி. அதற்கு முன்னால், கதவை ஒட்டி, சரக்குப் பட்டியலில் இல்லாத ஒரு பொருள் இருந்திருக்கிறது. அதற்காகக் கப்பலுக்குத் தண்டம் போட்டிருக்கிறார்கள். விவரம் இப்படி: பாவித்த சைக்கிள் ஒன்று, பச்சை நிறம், ஆயுதம் ஏந்திய இளைஞனின் படம் ஒட்டப்பட்டது.

கூடவே ஒரு படமும் வந்திருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் முருகனைப் பயபக்தியோடு விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அந்தப் பால் வெட்டுகிறவரின் முகம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. துரையிடம் காட்டினேன். அவர் சின்ன வயசு சிங்களவர், கெட்டவர் இல்லை, எந்நேரமும் களைத்த மனிதர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தண்டம் எதுக்கு, யாருக்கு எண்டு கேட்டுச் சொல்லு" என்றார்.

ஏஜென்ட் ஆபீசில் போனை எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயசான குரல். ஆயுசு முழுக்கக் கப்பல் காகிதத்தோடு காலம் தள்ளியவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"தம்பி, விசயம் லேசு. கப்பலில என்ன கிடக்கோ அது மெனிபெஸ்டில இருக்கோணும். மெனிபெஸ்டில என்ன கிடக்கோ அது கப்பலில இருக்கோணும். கூடினாலும் தண்டம், குறைஞ்சாலும் தண்டம்."

"மெனிபெஸ்ட்னா அந்தச் சரக்குப் பட்டியலுங்களா ஐயா?"

"ஓம். கப்பல் சுமக்கிற எல்லாத்தின்ர பட்டியல். அதில இல்லாதது ஒண்டு கப்பலில கண்டா, கப்பலைத்தான் பிடிப்பினம். கப்ரனுக்கு அது தெரியுமோ தெரியாதோ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"ஆனா கொன்டேனருக்குச் சீல் வச்சிருந்துச்சே. அவரு தொறந்துகூடப் பாத்திருக்க மாட்டாரே."

"திறந்தா அதுக்கு வேற தண்டம்."

நான் சட்டத்தின் அழகை ரசித்து முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டேன்.

"அப்ப கப்பல்தான் கட்டுமா ஐயா?"

"கப்பல் கட்டும். கட்டிப்போட்டு எங்களிட்டக் கேக்கும். நாங்கள் உங்கட கொம்பனியிட்டக் கேப்பம். கொம்பனி ஆரிட்டக் கேக்குமெண்டு எனக்குத் தெரியாது. சைக்கிளை நான்தான் வைச்சனான் எண்டு எழுத்தில ஆர் கையெழுத்து வைக்கினமோ, கடைசியா அவையின்ர தலையிலதான் விடியும். சீல் வைச்சது ஆர்?"

"எங்க டிரெக்டர்."

அந்தப் பக்கத்தில் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப சீலைப் பற்றிக் கதைக்காம விடுவம் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஆபீஸ் மேசையிலிருந்தே பார்த்தேன். தண்டம் மழைத்தண்ணீர் மாதிரி இறங்கி வந்தது. மேலே இருக்கிற யாரும் அதைத் தேக்கி வைக்க விரும்பவில்லை. கொழும்பிலிருந்து துரைக்கு வந்தது. துரை பெக்டரி ஐயாவைக் கூப்பிட்டார். பெக்டரி ஐயா படத்தைப் பார்த்தார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, வேர்வை மட்டும் அரும்பியது. "வாச்சர்தான் மழைக்கு ஒதுக்கி வச்சிருக்கணும்" என்றார். "இந்த ஆட்களுக்கு எவ்வளவு சொன்னாலும் பொறுப்பு வராது."

சீல் வைத்தபோது மழையே வரவில்லை. அதை நான் சொல்லவில்லை. ஆபீசில் நான் வாசிக்கத்தான் சம்பளம் வாங்குகிறேன், ஞாபகம் வைக்க இல்லை.

ஆனாலும் மனது கேட்கவில்லை. அந்த வாரம் வேறு வேலையாக ருவான்வெல்லைக்குப் போனபோது, அன்றைக்கு மூட்டை ஏற்றிய இளைஞர்களில் ஒருவரைத் தேநீர்க் கடையில் கண்டேன். கொம்பனி கொடுத்த டீசேர்ட்டைத்தான் போட்டிருந்தார். சிங்களத்தில் பேச்சுக் கொடுத்து, அந்தச் சைக்கிளைப் பற்றிக் கேட்டேன்.

"ஆ, அந்தப் பச்சைச் சைக்கிளா?" என்றார் சாதாரணமாக. நாங்கள் ஐயா என்பதை அவர்கள் மாத்தயா என்பார்கள். "பெக்டரி மாத்தயாதான் தள்ளிக்கொண்டு வந்தார். பெரிய மாத்தயா வரும்போது சுவரில் நின்றால் அசிங்கமாம். கதவுப் பக்கம் இடம் இருந்தது. உள்ளே வை, பிறகு எடுக்கலாம் என்றார். நான்தான் தூக்கி வைத்தேன். அதற்குள் பெரிய மாத்தயா வந்து, வந்த கையோடு கதவை மூடச் சொல்லிவிட்டார். நான் சொல்ல வாய் எடுத்தேன். பெக்டரி மாத்தயா கண்ணைக் காட்டினார். எங்களுக்கென்ன, மூடிவிட்டோம். சைக்கிள் போய்ச் சேர்ந்ததா?"

"போய்ச் சேந்துடுச்சு" என்றேன்.

அந்தச் சைக்கிளால் ஒருவர் களவாணி ஆன கதையைச் சொன்னபோது அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் லயத்துச் செய்தி கடைவீதி வரை வருவதில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. பொலிஸில் கேட்ட கேள்வியே யாருக்கு விற்றாய் என்பதுதான். எங்கே போனது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போன் நம்பரைத் தந்து, எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்றார்.

நான் வந்து துரையிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, பெக்டரி ஐயா இல்லாவிட்டால் இந்த மாதத்து ஏற்றுமதி நின்றுபோகும் என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "அந்த மனிசன்ட பேர் பொலிஸில வெட்டுப்பட்டாப் போதும்தானே? அதுக்கு ஒரு வழி செய்வம்" என்றார்.

வழி என்னவென்று அடுத்த நாள் தெரிந்தது. சிங்களத்தில் ஒரு கடிதம். பெக்டரி ஐயாவே எழுதியது. வாச்சர் கையெழுத்து வைக்க வேண்டியது. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்து கெப் வண்டியில் எல்லோரும் பொலிஸுக்குப் போனோம். முன்னால் பெக்டரி ஐயா. பின்னால் வாச்சர் ஒரு ஓரம், பால் வெட்டுகிறவர் மறு ஓரம், நடுவில் நான், அவர்கள் வீட்டுச் சுவர் மாதிரி.

பொலிஸில் சார்ஜன்ட் கதையைக் கேட்டார். படத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பெக்டரி ஐயா ஒரு போன் வந்து வெளியே போயிருந்தார்.

"களவு போன சாமான் வெளிநாட்டில் கிடைத்திருக்கிறது. அப்படியானால் களவெடுத்தவன் வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறான். இது சின்னக் களவு இல்லையே. இது கடத்தல்" என்றார்.

பால் வெட்டுகிறவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதுவரை தலை குனிந்து நின்றவர் நிமிர்ந்தார்.

"சார், என்னோட சேர்த்து அந்தக் கப்பல் கேப்டனையும் பிடிங்க" என்றார் சிங்களத்தில். "நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் கொண்டுபோனார். சீல் வைத்த பெரிய மாத்தயாவையும் கூப்பிடுங்க. மூன்று பேருமாகத்தான் செய்தோம். ஒரு பழைய சைக்கிளுக்காக நாங்கள் ஒரு கப்பலே பிடித்தோம் சார்."

சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி, முறைப்பாடு செய்தவர் வாபஸ் வாங்கினால் வெட்டிவிடலாம்" என்றார். கடிதத்தை மேசையில் வைத்தார்கள். வாச்சருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. என்னை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள்.

நான் வாசித்தேன். கடிதத்தில் இருந்தது இதுதான்: சைக்கிள் களவு போகவில்லை. நான் யார் மேலும் குறை சொல்லவில்லை. என்னுடைய கவனக்குறைவால், யாருடைய அனுமதியும் இல்லாமல், நானே அதைக் கொள்கலனுக்குள் வைத்து மறந்துவிட்டேன்.

அதோடு கடிதம் முடிந்தது. நான் முடிக்கவில்லை. காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அதே வாசிக்கிற குரலில், தமிழில், "அண்ணே, இதுல கையெழுத்து வச்சீங்கன்னா கப்பலுக்குப் போட்ட தண்டம் முழுக்க ஒங்க தலையில வரும், கொழும்பு ஆபீசுல ஐயா சொன்னாரு, சைக்கிள உள்ள தள்ளுனது பெக்டரி ஐயா, அதப் பாத்த ஆளு இருக்கு" என்று நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். தமிழ் தெரியாத சார்ஜன்ட் திருப்தியோடு தலையாட்டினார்.

வாச்சரின் கையில் பேனா இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, மச்சானைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த கலக்கத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. சட்டென்று பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

"மச்சான், வையாத."

பால் வெட்டுகிறவர்தான். வாச்சரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வைக்கலன்னா ஒம் பேரு வெட்டுப்படாதுடா" என்றார் வாச்சர்.

"எம் பேரு மாசக் கணக்கா நாறிப்போய்த்தான் கெடக்கு. இன்னுங் கொஞ்ச நாளு நாறட்டும். நீ வையாத. வச்சா ஆயுசுக்கும் சம்பளத்துல புடிப்பாங்க. கொமரிப் புள்ளைய வச்சிருக்க."

"நாந்தானே மச்சான் ஒன்னைய..."

"அத வூட்டுல போய்ப் பேசுவோம். பேனாவ வைடா கீழ."

சார்ஜன்டுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. ஆனால் கையெழுத்து வைக்கப் போகிறவரின் கையைக் களவாணி பிடித்துத் தடுக்கிற காட்சி அவருடைய சேவைக்காலத்தில் புதிதாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய் அந்த மூட்டை ஏற்றிய இளைஞரைக் கூப்பிட்டேன்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவரைக் கண்டதும் சார்ஜன்டின் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் ஒரே கரப்பந்தாட்டக் குழுவாம். வாங்கில் உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, ஆட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு விசாரித்தார். இளைஞர் தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். "அப்படியா விஷயம்" என்றார் சார்ஜன்ட். அவ்வளவுதான். பால் வெட்டுகிறவர் ஒரு பகல் முழுக்கச் சொல்லியும் நிரூபிக்க முடியாத உண்மை, தேநீர் ஆறுவதற்கு முன் நிரூபணமானது. உண்மை நல்ல இடமாகப் பார்த்துப் பிறக்க வேண்டும் போலிருக்கிறது.

உள்ளே வந்த பெக்டரி ஐயாவிடம் சார்ஜன்ட் மரியாதையாகக் கேட்டார். அவர் இளைஞரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சுவரில் தொங்கிய கலண்டரையும் பார்த்தார்.

"நான் இடத்தை ஒழுங்குபடுத்தத்தான் செய்தேன்" என்றார். "யாரும் என்னிடம் கேட்கவில்லையே."

அது உண்மைதான். பொலிஸுக்குப் போக மோட்டார் சைக்கிள் கொடுத்தவரிடம் யார் போய்க் கேட்பார்கள்?

பதிவு வெட்டப்பட்டது. பெக்டரி ஐயா சொன்னதும் பதிவானது. தண்டம் இறங்கி வந்த வழியே மேலே ஏறிப் போய், கடைசியில் கொம்பனியின் தலையிலேயே நின்றது. கொம்பனி அதற்காக ஒரு விசாரணைக் குழு வைத்து, இனிமேல் கொள்கலன் ஏற்றுகிற இடத்தில் சைக்கிள் நிறுத்தக் கூடாது என்று பலகை மாட்டியது. பெக்டரி ஐயாவுக்குத் தண்டனையாக நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு மாற்றம் கொடுத்தார்கள். அங்கே பங்களா பெரிதாம், தோட்டத்தில் ரம்புட்டான் மரமும் இருக்கிறதாம். டிரெக்டர் சீல் வைக்கிற படம் இன்னும் கொழும்பு ஆபீசில் தொங்குவதாகச் சொல்கிறார்கள்.

சைக்கிளை என்ன செய்வது என்று அந்தத் துறைமுகம் கேட்டது. திருப்பி அனுப்புவதா, அழிப்பதா? திருப்பி அனுப்பினால் இங்கே அது பாவித்த பொருள் இறக்குமதி என்று ஆகி, அதற்கு வேறு அனுமதி வேண்டுமாம். பத்து மைல்கூடத் தாங்காத சைக்கிள் தன் வீட்டுக்கு வர அமைச்சு வரை போக வேண்டும். கொம்பனி அழிக்கச் சொல்லிவிட்டது. கொஞ்ச நாளில் ஏஜென்ட் ஆபீசின் கொழும்பு ஐயா போனில் என்னைக் கூப்பிட்டு, "அழிச்சுப்போட்டினம் தம்பி, சேர்ட்டிபிக்கேட் வந்திருக்கு" என்றார். பக்கத்தில் வாச்சர் நின்றிருந்தார்.

"முருகன் படத்தையுமாங்க?" என்று போனுக்குக் கேட்கும்படி கத்தினார்.

கொழும்பு ஐயா கொஞ்சம் யோசித்தார். "அதைப் பற்றி இதில ஒண்டும் போடேல்லை" என்றார். அவரும் நல்லூர் முருகன் கோவில் பக்கத்துக்காரராக இருந்திருப்பார். குரல் சற்று இறங்கியிருந்தது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆபீசில் நினைத்தார்கள். மச்சான்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பெரட்டுக்குப் போகும்போது சேர்ந்து போனார்கள். பழைய வேகத்தில் சிரிக்க ஒரு மாதம் பிடித்தது, ஆனால் சிரித்தார்கள். பால் வெட்டுகிறவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாச்சர் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பெட்டியும் வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். அந்த அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு..." என்று வாச்சர் தொடங்கினார்.

"நடந்து போகலண்ணே. சைக்கிளுல போச்சு" என்றார் அவர். கை நிற்கவில்லை. "நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். பக்கத்துக் கட்டில்ல நம்ம தோட்டத்து மேல் கணக்கு டிவிசன் ஆளு ஒண்ணு. ஒம் புருசன் சைக்கிளு களவாண்டுட்டாராமேன்னு அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மருந்து குடுத்த நர்ஸ் மிஸ்ஸும் கேட்டுக்கிட்டு நின்னுச்சு. இப்ப நீங்க பழத்தோட வந்தா நான் வாங்கிக்கணுமா?"

வாச்சர் பழச் சீப்பை மறு கைக்கு மாற்றினார்.

"காணாமப் போனத லயம் லயமாப் போய்ச் சொன்னீங்கல்ல. கெடச்சதையும் போய்ச் சொல்லுங்க. மேல் கணக்கு, கீழ் கணக்கு, பெக்டரி லயம், ஒரு வாசல் விடக் கூடாது. யாரு தள்ளுனாங்க, யாரு களவாணின்னு பேரு வாங்குனாங்க, யாரு வாங்கிக் குடுத்தாங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. டீ தாரேன்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாச்சர் அப்படி நினைக்கவில்லை. பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு அன்றைக்கே புறப்பட்டார். நடந்துதான், வேறு வழி? சாயந்தரம் வேலை முடிந்து ஒவ்வொரு லயமாகப் போனார். சில இடத்தில் சிரித்தார்கள். சில இடத்தில், "நாங்க அப்பவே சொன்னோம் அவரு எடுத்திருக்க மாட்டாருன்னு" என்று, செருப்பை உள்ளே எடுத்து வைத்தவர்களே சொன்னார்கள். ஒரு கிழவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அந்தக் கப்பலில் போய்வரத் தனக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று விசாரித்தாராம். மேல் கணக்கில், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் வீட்டு வாசலில் நின்று சொல்லும்போது மட்டும் வாச்சருக்குக் குரல் வரவில்லை என்று, கூடப் போன பால் வெட்டுகிறவர் எனக்குச் சொன்னார். மிச்சத்தை அவரே சொல்லி முடித்தாராம்.

கடைசி லயம் முடிந்த அன்று மாலை நான் அந்தப் பக்கம் போனேன். வாச்சர் வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த அம்மா உள்ளேயிருந்து இரண்டு கோப்பையோடு வந்தார். ஒன்றைப் புருஷனிடம் கொடுத்தார். மற்றதை வாச்சருக்குப் பக்கத்தில், படியில், சத்தம் கேட்கும்படி வைத்தார்.

"சீனி கம்மியாத்தான் இருக்கும்ணே" என்றார். "குடிங்க."